கதவு சாத்தின பிறகு

வடபழனியில் ஒரு மாடி அறை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, இரண்டு மானிட்டர்கள், சுவரோரம் ஒரு பழைய சோபா. 2016-ல் ஒரு மதியம் அந்த சோபாவில் ஐம்பது வயதைத் தாண்டிய திருநங்கை ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய வாழ்க்கையை வைத்து எடுத்த இருபது நிமிடக் குறும்படத்தின் ரஃப் கட் அன்றைக்குத்தான் தயாராகியிருந்தது. பதினேழு வயதில் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட இரவை நடிகர்களை வைத்துப் படமாக்கியிருந்தார்கள். அப்பா கத்துகிறார். துணிப்பை திண்ணையில் வந்து விழுகிறது. கதவு படாரென்று சாத்தப்படுகிறது. கட். அடுத்த ஷாட்டில் பம்பாய் ரயில்.

"எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டார் எடிட்டர்.

அக்கா திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை. "கதவு சாத்துனதும் ரயிலேத்தி வுட்டுட்டியே தம்பி. கதவு சாத்துன பொறவுதான் கதையே."

அப்போது அந்த எடிட்டர் தொழிலுக்கு வந்து இருபத்து நான்கு வருடங்கள் ஆகியிருந்தன. அத்தனை வருடங்களில் எந்த இயக்குநரும் எந்தத் தயாரிப்பாளரும் அவரிடம் சொல்லாத திருத்தம் அது. இன்றும் படத்தொகுப்பு கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு அவர் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

1992-ல் அவர் உதவியாளராகச் சேர்ந்தபோது எடிட்டிங் என்பது கையால் செய்யும் வேலை. ரஷ் பிரிண்ட்டை மூவியோலாவில் ஓட்டி, வெட்ட வேண்டிய இடத்தில் கிரீஸ் பென்சிலால் கோடு போட்டு, ஸ்பிளைசரில் வைத்து அறுத்து, டேப் போட்டு ஒட்ட வேண்டும். முப்பத்தைந்து எம்.எம். பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். ஒரு நொடிக்கு 24 பிரேம். ஒன்றரை அடி ஒரு நொடி. ஆயிரம் அடி ரீல் ஏறத்தாழ பதினோரு நிமிடம். நேரத்தை அடிக்கணக்கில் விரல்களால் அளந்து பழகியவர்களுக்கு ஒரு காட்சிக்கு எத்தனை அடி கொடுக்கிறோம் என்பதிலேயே, அதில் வரும் மனிதருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கிறோம் என்பதும் தெரிந்துவிடும். இதைப் புரிந்துகொள்ளத் தனக்கு வெகுகாலம் பிடித்தது என்கிறார் அவர்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்ததை அவர் மறைப்பதில்லை. ஒரு நகைச்சுவைக் காட்சி. பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நாயகனின் தோளில் கை விழுகிறது. திரும்பினால் மூன்று திருநங்கைகள். நாயகன் திடுக்கிடும் குளோசப்பை ஒன்றரை நொடிக்கு வைத்து, அது தொடங்கும் பிரேமில் 'டொய்ங்' என்று ஒரு எஃபெக்ட்டைப் போட்டார். தியேட்டரில் சரியாக அந்த இடத்தில் சிரிப்பு வெடித்தது. பின்வரிசையில் நின்றிருந்த அவருக்குத் தொழில் கைவந்துவிட்டது என்ற பெருமிதம்.

பல வருடம் கழித்து, அதே சோபாவில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் அதைச் சொன்னார். அக்கா கோபப்படவில்லை. "அந்தச் சத்தம் தியேட்டரோட நின்னுடல தம்பி. நாங்க பஸ்ல ஏறுனா பசங்க அத வாயாலயே போடுவானுங்க" என்றார். தான் ஒட்டிய ஒரு சத்தம் ஊர் ஊராகப் போய், முகம் தெரியாத எத்தனையோ பேரின் முதுகில் விழுந்திருக்கிறது. அன்றிரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை.

படத்தொகுப்பில் 'ரியாக்‌ஷன் ஷாட்' என்று ஒன்று உண்டு. ஏதோ நடக்கிறது, அதைப் பார்க்கும் முகத்தைக் காட்டுகிறோம். யார் முகத்துக்கு வெட்டுகிறோமோ, பார்வையாளர் அவர் பக்கம் போய்விடுவார். தமிழ்ப் படங்களில் திருநங்கைகள் வந்த பெரும்பாலான காட்சிகளில் ரியாக்‌ஷன் ஷாட் மற்றவர்களுக்கே போயிற்று. அருவருக்கும் நாயகன், பயந்து ஓடும் காமெடியன், தலையில் அடித்துக்கொள்ளும் அம்மா. இந்தியில் 1991-ல் மகேஷ் பட் இயக்கிய 'சடக்' படத்தில் சதாசிவ் அம்ராபுர்கர் 'மகாராணி' என்ற கொடூர வில்லனாக வந்தார். அதன் தமிழ் வடிவமான 'அப்பு' 2000-ல் வந்தபோது அந்த வேடம் பிரகாஷ்ராஜுக்கு. அங்கே குளோசப்புகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவை எல்லாமே அச்சுறுத்த வைத்தவை. விதிவிலக்காக எடிட்டர் நினைவில் வைத்திருப்பது 1995-ல் வந்த 'பம்பாய்'. கலவரத்தில் பெற்றோரைத் தொலைத்த சிறுவனுக்கு அடைக்கலம் கொடுப்பவர் ஒரு திருநங்கை. படத்தில் அவர் இருப்பது சற்று நேரம்தான். ஆனாலும் எந்தச் சத்தமும் போடாமல், அவர் முகத்தை முகமாகவே பார்த்த சில நொடிகள் அவை.

2008 ஏப்ரலில் தமிழக அரசு அரவாணிகள் நலவாரியம் அமைத்தது. 'திருநங்கை' என்ற சொல் அரசு ஆவணங்களிலும் செய்தித்தாள்களிலும் ஏறியது. சினிமா அதன் பின்னால்தான் வந்தது. 2011-ல் இரண்டு படங்கள். ஒன்று விஜயபத்மா இயக்கிய 'நர்த்தகி'. திருநங்கையான கல்கி சுப்ரமணியமே முதன்மைப் பாத்திரத்தில் நடித்தார். அதைப் பார்த்தவர்கள் குறைவு. இன்னொன்று ஊரே பார்த்த 'காஞ்சனா'.

காஞ்சனாவை எடிட்டர் லேசாக ஒதுக்குவதில்லை. சரத்குமார் போன்ற ஒரு நாயக நடிகர் சேலை கட்டி வந்தபோது தியேட்டரில் கேலி இல்லை, கைதட்டல் இருந்தது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட காஞ்சனா, தன்னைப் போலவே துரத்தப்பட்ட ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்து மருத்துவம் படிக்க வைக்கிறார். மருத்துவமனை கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொல்லப்படுகிறார். குழந்தைகள் அந்தப் பாத்திரத்துக்காக அழுதார்கள். அதெல்லாம் உண்மை. ஆனால் எடிட்டரின் கண் வேறொன்றையும் பார்த்தது. காஞ்சனாவின் வாழ்க்கை முழுவதும் பிளாஷ்பேக்கில் இருக்கிறது. அவர் நிகழ்காலத்தில் வருவது ஆவியாக மட்டும். குடும்பம் கைவிட்டது ஒரு சில ஷாட்டுகளில் முடிந்துபோகிறது, ஏனென்றால் பழிவாங்கலுக்குப் போக வேண்டிய அவசரம் திரைக்கதைக்கு இருக்கிறது. நியாயம் கிடைக்க வேண்டுமானால் முதலில் செத்தாக வேண்டும் என்று அந்தக் கட்டமைப்பே சொல்லிவிடுகிறது. 2020-ல் அதே கதை இந்தியில் 'லக்ஷ்மி' ஆனபோதும் அந்த அமைப்பு மாறவில்லை.

வன்முறையைப் பற்றி அவரிடம் கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார். சண்டைக் காட்சி வெட்டுவது அவருக்குக் கை வந்த வேலை. அடி விழும் இடத்தில் இரண்டு பிரேமை உருவிவிட்டால் அடி பலமாகத் தெரியும். சத்தத்தை ஒரு பிரேம் முன்னால் தள்ளினால் பார்ப்பவர் உடம்பு அதிரும். இந்த வித்தைகளை ஒரு திருநங்கையை நாலு பேர் அடிக்கும் காட்சியில் போட்டால் என்ன ஆகும்? காட்சி 'நன்றாக' வரும். அங்கேதான் ஆபத்து என்கிறார். வேகமும் தாளமும் கூடக்கூட, அடிபடுகிறவர் வெறும் உடம்பாகிவிடுகிறார். பார்க்கிறவருக்கு அடிக்கிறவனின் வேகம் தொற்றிக்கொள்கிறது.

உதவியாளர்களுக்கு இதை விளக்க அவர் எடுத்துப் போடும் படம் கிம்பர்லி பியர்ஸ் இயக்கிய 'பாய்ஸ் டோன்ட் க்ரை'. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிராண்டன் டீனா என்ற இளம் திருநம்பி 1993 டிசம்பர் 31 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட உண்மைச் சம்பவத்தைச் சொல்லும் படம் அது. 1999-ல் வெளிவந்து, நடித்த ஹிலரி ஸ்வாங்குக்கு ஆஸ்கரும் வாங்கிக் கொடுத்தது. தணிக்கைக் குழுவோடு பட்ட பாட்டை பியர்ஸ் பிறகு ஓர் ஆவணப்படத்தில் சொன்னார். தலையில் சுடும் ஷாட்டில் அவர்களுக்கு ஆட்சேபம் இல்லையாம். காதலி லானாவின் முகத்தில் இன்பம் தெரியும் ஷாட் ரொம்ப நீளம் என்றார்களாம். சாவுக்குத் தாராளமாக அடி கொடுக்கலாம், சுகத்துக்குக் குறைக்க வேண்டும். தன் ஊரிலும் அதே அளவுகோல்தான் இருக்கிறது என்று எடிட்டருக்குத் தோன்றியது. அந்தப் படத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. அன்றிரவு அதே வீட்டில் பிலிப் டிவைன் என்ற கறுப்பின இளைஞரும் கொல்லப்பட்டார். படத்தில் அவர் இல்லை. ஒரு மனிதர் முழுவதுமாக விடுபட்டுப்போவதும் ஒரு வெட்டுத்தான்.

'மா வீ ஆன் ரோஸ்' என்ற பெல்ஜியப் படத்தை 1997-ல் ஆலன் பெர்லினர் எடுத்தார். லுடோவிக் என்ற ஏழு வயதுக் குழந்தை தன்னைச் சிறுமியாகவே நினைக்கிறது. யாரும் யாரையும் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. அம்மா குழந்தையின் முடியை வெட்டுகிறாள், அவ்வளவுதான். கத்தரிக்கோலுக்குக் கீழே குழந்தையின் முகம். எந்தச் சண்டைக் காட்சியையும்விட இதுதான் தன்னை உலுக்கியது என்கிறார் அவர். ஒதுக்குதல் என்பது பெரும்பாலும் அன்பு இருக்கும் வீட்டில், அன்பு காட்டும் கைகளாலேயே நடக்கிறது. வில்லன் அப்பா, நல்ல அம்மா என்று பிரித்துவிட்டால் படத்துக்கு வசதி. ஆனால் வீடுகள் அப்படி இருப்பதில்லை.

அக்கா அன்றைக்குச் சொன்னதும் இதைத்தான்.

"திண்ணையிலயே உக்காந்திருந்தேன். உள்ள லைட்டு எரியுது. அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேக்குது. தங்கச்சி அழுவுற சத்தம் கேக்குது. கொஞ்ச நேரத்துல தெறந்துடுவாங்கன்னு இருந்தேன். அப்புறம் லைட்டு அணஞ்சுது. அது அணஞ்சப்பதான் எனக்குப் புரிஞ்சுது."

அதற்கப்புறமும் கதை தீரவில்லை. விடியுமுன் அம்மா பின்வாசல் வழியாக வந்து ஒரு தூக்கில் கஞ்சி கொடுத்தார். முந்தானையிலிருந்து பத்து ரூபாயும். பம்பாயில் கடை கடையாகக் கை நீட்டிச் சம்பாதித்த காசில் தங்கை கல்யாணத்துக்கு அனுப்பிய பணத்தை வீடு வாங்கிக்கொண்டது, பத்திரிகை அனுப்பவில்லை. அப்பா செத்த சேதி மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. முடியை வெட்டி, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு வந்தால் காரியத்தில் நிற்கலாம் என்றார்கள். அவர் வெட்டிக்கொண்டு போனார். முப்பது வருடம் பின்வாசல் வழியாகவே நடந்த அந்த உறவைத்தான் குறும்படம் ஒற்றைக் கதவோடு முடித்திருந்தது.

லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் சரவணன் வித்யா', ரேவதியின் 'வெள்ளை மொழி' ஆகிய தன்வரலாறுகளை எடிட்டர் அதன் பிறகுதான் தேடிப் படித்தார். இரண்டிலும் வீடு என்பது ஒருமுறை விட்டுவிட்டுப் போகும் இடமாக இல்லை. போவதும் வருவதும் அடிபடுவதும் மறுபடி வருவதுமாக அது நீள்கிறது. வித்யாவின் கதை கன்னடத்தில் 'நானு அவனல்ல அவளு' என்று பி.எஸ். லிங்கதேவரு இயக்கத்தில் 2015-ல் படமானது. நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. ஒரு தமிழ்த் திருநங்கை தமிழில் எழுதிய வாழ்க்கையைத் திரையில் பார்க்கத் தமிழர்கள் கன்னடப் படத்துக்குப் போக வேண்டியிருந்தது என்பது அவருக்கு இன்னும் ஆறாத வருத்தம்.

2019 இரண்டு முக்கியமான படங்களைக் கொண்டுவந்தது. பிப்ரவரியில் ராம் இயக்கிய 'பேரன்பு'. திருநங்கையான அஞ்சலி அமீர், மம்மூட்டியோடு நடித்தார். மார்ச் கடைசியில் தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்'. காணாமல்போன மாணிக்கம் திரும்பி வருகிறான் என்று உறவெல்லாம் வாசலில் கூடி நிற்க, வண்டியிலிருந்து திருநங்கை ஷில்பாவாக இறங்குகிறார். அந்த இடத்தில் படம் அவசரப்படவில்லை. சொந்தக்காரர்களின் முகம், மனைவியின் முகம், மகன் ராசுக்குட்டியின் முகம் என்று மௌனத்தை நீளவிட்டது. அந்தப் பையன் மட்டும் எந்தக் கேள்வியும் இல்லாமல் அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்கிறான். தமிழில் முதல்முறையாகக் கதவு திறந்திருப்பதையும், திறந்த கதவுக்குள் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்பதையும் பார்த்தேன் என்கிறார் எடிட்டர். காவல் நிலையத்தில் ஷில்பாவுக்கு நடக்கும் கொடுமையை எடுத்த விதமும் அவருக்கு முக்கியம். அதிகாரம் எப்படிக் கேலியாகத் தொடங்கி வன்கொடுமையாக முடிகிறது என்று படிப்படியாகக் காட்டுகிறது அந்தக் காட்சி.

ஷில்பாவாக நடித்த விஜய் சேதுபதிக்கு அந்தப் படம் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. திருநர் சமூகத்திலிருந்து கடுமையான விமர்சனமும் வந்தது. பிள்ளைகளைக் கடத்திப் பிச்சையெடுக்க விற்றதாக ஷில்பா ஒப்புக்கொள்ளும் வசனம், காலங்காலமாகச் சுமத்தப்படும் பொய்ப் பழியை மறுபடி சுமத்துகிறது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி என்பதில் எடிட்டருக்குச் சந்தேகமில்லை. தெருவில் பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகப்பட்டு அடிக்கும் ஊரில், அந்த ஒரு வசனத்தின் எடை தியேட்டரைத் தாண்டியது. அவருடைய 'டொய்ங்' சத்தம் தாண்டியதைப் போலவே.

மறுவருடம் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'பாவக் கதைகள்' தொகுப்பில் சுதா கொங்கரா இயக்கிய 'தங்கம்'. எண்பதுகளின் கோவைப் பக்கத்துக் கிராமம். காளிதாஸ் ஜெயராம் நடித்த சத்தார், அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்த பணத்தைத் தன் தங்கையும் தான் நேசித்தவனும் சேர்ந்து வாழக் கொடுத்துவிடுகிறார். பிறகு ஊர் அவரைத் தின்றுவிடுகிறது. உயிருக்குத் தப்பி ஓடிவந்து தட்டும்போது சொந்த வீட்டுக் கதவும் திறப்பதில்லை. அந்தக் காட்சியில் கேமரா வெளியே நிற்பதை அவர் கவனித்தார். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் வேதனையைவிட, இந்தப் பக்கம் தட்டுகிற கைதான் படத்துக்கு முக்கியமாக இருந்தது. ஆனால் சத்தாரும் செத்துப்போகிறார். நல்ல மனம், தியாகம், சாவு என்ற வரிசை இன்னும் உடையவில்லை.

அந்த வரிசை உடைந்த படமாக அவர் சொல்வது சிலி நாட்டின் 'எ ஃபென்டாஸ்டிக் வுமன்'. செபஸ்டியன் லெலியோ 2017-ல் இயக்கி, அடுத்த வருடம் சிறந்த அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. முதலில் ஆலோசனைக்காக அழைக்கப்பட்ட டேனியலா வேகா என்ற திருநங்கைதான் பிறகு நாயகியானார். காதலன் இறந்ததும் அவனுடைய குடும்பம் மரினாவைச் சாவு வீட்டுக்குள் விடுவதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறது, நாயைப் பிடுங்கிக்கொள்கிறது. உறவினர்கள் அவரைக் காரில் இழுத்துப் போட்டு முகத்தைச் சுற்றி டேப் ஒட்டுகிறார்கள். ரத்தமே இல்லாத காட்சி அது. அவர்கள் இறக்கிவிட்டுப் போன பிறகும் படம் மரினாவோடுதான் இருக்கிறது. துரத்தினவர்களின் காரோடு நாம் போவதில்லை. கடைசியில் மரினா உயிரோடு இருக்கிறார், பாடுகிறார்.

சட்டத்தில்கூட இந்தக் கதவு ஏறியிருக்கிறது. 2019-ல் நிறைவேறிய திருநர் பாதுகாப்புச் சட்டம், ஒருவரை வீட்டைவிட்டோ ஊரைவிட்டோ வெளியேறச் செய்வதை ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றது. பாலியல் வன்கொடுமைக்கும் அதே இரண்டு வருடம்தான் உச்சம் என்று வைத்ததைத் திருநர் அமைப்புகள் கண்டித்தன. ஓர் உடம்பின் மேல் நடக்கும் கொடுமைக்கு இவ்வளவு மலிவாக விலை வைத்ததைப் பார்த்து, திரையும் சட்டமும் ஒரே தராசைத்தான் வைத்திருக்கின்றனவோ என்று அவருக்கு மனம் கசந்தது.

துரத்தப்பட்டவர்கள் பிறகு யாரோடு வாழ்கிறார்கள் என்ற கேள்விக்கும் கதைப்படங்களில் பதில் குறைவு. அஞ்சலி மொன்டேரோவும் கே.பி. ஜெயசங்கரும் 2007-ல் எடுத்த 'அவர் ஃபேமிலி' ஆவணப்படம் அதைத்தான் காட்டியது. தத்து எடுத்துத் தாயும் மகளும் பேத்தியுமாக வாழும் மூன்று தலைமுறைத் திருநங்கைகள். நடுநடுவே பிரீதம் சக்கரவர்த்தியின் தனிநபர் நாடகம். லீனா மணிமேகலை 2017-ல் எடுத்த ஆவணப்படம், சென்னையில் வாடகைக்கு வீடு தேடி அலையும் இரண்டு திருநங்கைகளின் பின்னாலேயே நடந்தது. பெற்றவர் சாத்திய கதவுக்கப்புறம் வீட்டுக்காரர்கள் சாத்தும் கதவுகள். திருநம்பிகளின் நிலை இதைவிட மோசம். தமிழ்த் திரையில் அவர்கள் கேலிக்காகக்கூட வந்ததில்லை எனலாம்.

2024 அக்டோபரில் தியேட்டருக்கு வந்த 'நீல நிறச் சூரியன்' படத்தை எடிட்டர் ஒரு காலைக் காட்சியில் பார்த்தார். கூட்டமில்லை. திருநங்கையான சம்யுக்தா விஜயன் இயக்கி நடித்த படம். பொள்ளாச்சியில் தனியார் பள்ளி ஆசிரியர் அரவிந்த், பானுவாக மாறிப் பணியைத் தொடர்கிறார். கொலை இல்லை, ஆவி இல்லை. எந்தக் கழிப்பறைக்குப் போவது, ஆசிரியர் அறையில் யார் பக்கத்தில் உட்காருவார்கள், வீட்டில் அப்பாவும் அம்மாவும் என்ன பேசுவார்கள், என்ன பேசாமல் இருப்பார்கள் என்பதுதான் படம். வெட்டாமல் விட்ட ஷாட்டுகளை அவர் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தார்.

2016-ல் அந்த வடபழனி அறையில், அக்கா போன பிறகு அவர் ரயில் ஷாட்டைத் தூக்கிவிட்டார். இயக்குநரோடு பேசி மறுபடி ஒருநாள் படப்பிடிப்பு வைத்தார்கள். சாத்திய கதவு, திண்ணை, பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முதுகு. லைட் அணையும்வரை ஒரே ஷாட், ஒரு நிமிடம் பத்து நொடி. பார்த்த ஒருவர் 'லேக்' என்றார். இயக்குநர் அசையவில்லை. உள்ளே அம்மா பாத்திரம் தேய்க்கும் சத்தத்துக்கு, கையிருப்பில் இருந்த எஃபெக்ட்டிலிருந்து ஒன்றை எடுத்து எடிட்டர் போட்டிருந்தார்.

அக்கா மறுபடி வந்து கேட்டார். "குழாத் தண்ணி ஏது தம்பி எங்க வீட்ல? அலுமினியச் சட்டிய சாம்பல் போட்டுத் தேங்காநார்ல தேய்ப்பாங்க. குண்டான்ல மொண்டு ஊத்துவாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு திண்டிவனம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனார்கள். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே சட்டி தேய்த்துக் கொடுத்தார். சத்தத்தைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வருவதுபோல் மந்தமாக்கி, ஷாட்டின் அடியில் வைத்தார் எடிட்டர். அக்காவுக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு ஓட்டினார். அக்கா திரையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். லைட் அணைந்தது, காட்சி முடிந்தது. எடிட்டர் நிறுத்தக் கை நீட்டினார்.

"மறுபடி போடு தம்பி," என்றார் அக்கா. "லைட்டு அணையறதுக்கு முன்னாடி கொஞ்சம் ஓடவுடு."